ஃபோட்டோஷாப்பில் ஜூம் செய்தாலே திக்குகிறது, தனி கிராபிக்ஸ் சிப் இருந்தும்

ஃப்ளெக்ஸ்_மேசை:
விண்டோஸ் 11 லேப்டாப், 16 ஜிபி ரேம், இன்டெல் ஐ5, கூடவே 4 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050 கிராபிக்ஸ் சிப். வேலை: 10×6 அடி ஃப்ளெக்ஸ், 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), இருபது லேயர். ஜூம் செய்தால் படம் கட்டம் கட்டமாக வருது, பிரஷ் கர்சருக்குப் பின்னால் இழுபடுது. பிரிஃபரன்ஸஸ் > பர்ஃபார்மன்ஸில் ‘யூஸ் கிராபிக்ஸ் பிராசஸர்’ டிக்கை எடுத்தால் கொஞ்சம் தேவலை. அப்படியே விட்டுடலாமா?

கர்சர்காரன்:
விடாதீங்க. டிக்கை எடுத்தால் ரொட்டேட் வியூ, ஸ்க்ரப்பி ஜூம், பெர்ஸ்பெக்டிவ் வார்ப் எல்லாம் போயிடும்.

முதல் சந்தேகம், வேலை ஆர்டிஎக்ஸுக்குப் போகாமல், ஐ5க்குள்ளேயே இருக்கும் இன்டெல் கிராபிக்ஸ் சிப்புக்குப் போகுது. டாஸ்க் மேனேஜரில் பிராசஸஸ் தலைப்பு வரிசையில் ரைட் கிளிக் பண்ணி ‘ஜிபியு இன்ஜின்’ நெடுவரிசையைச் சேருங்க (ஜிபியு என்றால் கிராபிக்ஸ் சிப்). ஜூம் செய்துகிட்டே ஃபோட்டோஷாப் வரியைப் பாருங்க. ஜிபியு 0வா, 1ஆ? எந்த எண் எந்த சிப் என்று பர்ஃபார்மன்ஸ் டேபில் இருக்கும்.

இன்டெல் என்று வந்தால்: செட்டிங்ஸ் > சிஸ்டம் > டிஸ்ப்ளே > கிராபிக்ஸ். ஃபோட்டோஷாப்பைச் சேர்த்து ‘ஹை பர்ஃபார்மன்ஸ்’ கொடுங்க. ஃபோட்டோஷாப்பை மூடித் திறந்தால்தான் மாறும்.

ஃப்ளெக்ஸ்_மேசை:
இன்டெல்தான் ஓடிட்டிருந்தது. மாத்தினதும் ஜூம் சரியாயிடுச்சு, நன்றி. ஆனா 65 வாட் டைப்-சி சார்ஜரில் போட்டால் பத்து நிமிஷத்தில் பழைய கதை. சேவ் பண்ணவும் ரொம்ப நேரம் ஆகுது.

லேயர்_27:
இரண்டும் வேற வேற பிரச்சினை.

சார்ஜர்: பெட்டியோடு வந்ததில் எத்தனை வாட் என்று பாருங்க, 65ஐ விட அநேகமா அதிகமா இருக்கும். கரண்ட் பத்தாதபோது லேப்டாப் பிராசஸர், கிராபிக்ஸ் சிப் இரண்டின் வேகத்தையும் இறக்கிடும். எந்த செட்டிங்கும் இதுக்கு மருந்து இல்லை, பெரிய சார்ஜரையே தூக்கிட்டுப் போங்க.

சேவ்: அது ஜிபியு வேலையே இல்லை. கணக்கு பாருங்க. 10×6 அடி, 300 டிபிஐ என்றால் 36,000×21,600 பிக்சல். ஆர்ஜிபியில் ஒரு முழு லேயரே 2.17 ஜிபி! இருபது லேயருக்கு 16 ஜிபி ரேம் எந்த மூலைக்கு? மிச்சமெல்லாம் ஸ்கிராட்ச் டிஸ்க்கில் (ரேம் பத்தாதபோது ஃபோட்டோஷாப் பயன்படுத்தும் டிஸ்க் இடம்) எழுதி எழுதி எடுக்குது. 30,000 பிக்சல் தாண்டினதால் ஃபோட்டோஷாப்பின் வழக்கமான பிஎஸ்டி ஃபைலும் ஏற்காது, பெரிய படங்களுக்கான பிஎஸ்பியாத்தான் வெச்சிருப்பீங்க.

தூரத்தில் நின்று பார்க்கும் ஃப்ளெக்ஸுக்கு 72 டிபிஐ தாராளம். அதே லேயர் 128 எம்பிக்கு வந்துடும். காப்பி எடுத்து வெச்சுட்டு இமேஜ் சைஸில் ரீசாம்பிள் டிக்கோடு 72 போடுங்க. மேலே கியர் ஐகானில் ‘ஸ்கேல் ஸ்டைல்ஸ்’ டிக் இருக்கணும், இல்லாட்டி ஸ்ட்ரோக்கும் டிராப் ஷேடோவும் நாலு மடங்கு தடிச்சுத் தெரியும்.

கர்சர்காரன்:
டிபிஐ விஷயத்தை நான் கவனிக்கலை, அதுதான் பெரிய காரணம். இதுக்கப்புறமும் திக்கினால் என்விடியாவின் ஸ்டூடியோ டிரைவரை ‘கிளீன் இன்ஸ்டலேஷன்’ டிக்கோடு போடுங்க. டிரைவர் அப்டேட்டர் என்று வரும் இலவச சாஃப்ட்வேர் பக்கம் மட்டும் போயிடாதீங்க.