பாரிஷ் கவுன்சில் பழைய ஏடுகளைக் கையாண்டவர்களின் அனுபவங்கள்

இழையைத் தொடங்கியவர்

நண்பர்களுக்கு வணக்கம். இங்கிலாந்தின் கிராம வரலாற்றைத் தேடுகிறவர்களில் பெரும்பாலோர் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்று பதிவேடுகளோடு நின்றுவிடுகிறார்கள். அதே ஊரின் பாரிஷ் கவுன்சில் ஏடுகளைக் கேட்டு வாங்கிப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. பாரிஷ் என்பது ஒரு தேவாலயத்தைச் சுற்றி அமைந்த ஊர்ப் பிரிவு; பாரிஷ் கவுன்சில் நம் ஊராட்சி மன்றம் போன்றது. பிழைப்புக்காகக் கிழக்கு இங்கிலாந்துக்கு வந்தபின், ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) ஆவணக் காப்பகத்தில் அமர்ந்து அவற்றைப் படித்துவருகிறேன். சாதாரண மனிதர்கள் தங்கள் ஊரைத் தாங்களே நடத்திய கதை இவ்வளவு நெருக்கமாக வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை. மற்றவர்களும் எழுத வேண்டும் என்பதற்காக என் அனுபவத்தை முதலில் வைக்கிறேன்.

இந்த ஏடுகளுக்கான திறவுகோல் 1894ஆம் ஆண்டு. அதுவரை கிராமத்தின் காரியங்களைக் கவனித்தது, பாதிரியார் தலைமையில் கூடிய வெஸ்ட்ரி என்னும் ஊர்க்கூட்டம். தேவாலயக் கூரையின் பழுதையும் அது பேசும். ஏழை விதவைக்குத் தர வேண்டிய வாரப்படியையும் அது பேசும். 1555ஆம் ஆண்டுச் சட்டம் சாலைப் பராமரிப்பைப் பாரிஷின் தலையில் வைத்தது. 1601ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டம் ஏழைகளின் பொறுப்பையும் அதனிடமே ஒப்படைத்தது. ஆண்டுதோறும் ஈஸ்டரை ஒட்டி நியமிக்கப்பட்ட ஏழைகள் மேற்பார்வையாளர்கள், வீடும் நிலமும் வைத்திருந்தவர்களிடம் வரி வாங்கிச் செலவு செய்து கணக்கு எழுதினார்கள். 1834இல் ஏழைகளின் பொறுப்பு, பல பாரிஷ்களை ஒன்றுசேர்த்து அமைத்த யூனியன்களுக்குப் போயிற்று. 1868இல் கட்டாயத் தேவாலய வரியும் ஒழிந்தது. இப்படி வலுவிழந்து நின்ற வெஸ்ட்ரியின் இடத்தில்தான், லிபரல் அரசு கொண்டுவந்த 1894ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம், 300 பேரோ அதற்கு மேலோ வாழ்ந்த ஒவ்வொரு கிராமப் பாரிஷிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலை அமர்த்தியது. மணமான பெண்களும் அதில் உறுப்பினராகலாம் என்றிருந்தது. நாடாளுமன்றத் தேர்தலில் பெண்களுக்கு வாக்கு கிடைக்க 1918 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஆராய்ச்சியாளருக்கு மிகவும் முக்கியமானது, அதே சட்டம் ஊரின் காகிதங்களையும் பிரித்ததுதான். 1538இல் தாமஸ் குரொம்வெல் பதிவேடு வைக்கச் சொன்ன காலத்திலிருந்தே தேவாலயத்தில் பூட்டிய பெட்டி ஒன்று இருந்தது; பின்னர் பாதிரியாருக்கு ஒன்று, தேவாலயச் சொத்தைக் கவனிக்கும் ஊர்ப் பொறுப்பாளர்களான சர்ச் வார்டன்கள் இருவருக்கும் ஆளுக்கொன்று என்று மூன்று பூட்டுகள் போடும் விதி வந்தது. இரும்புப் பட்டை அடித்த ஓக் மரப் பெட்டிகள் சில தேவாலயங்களில் இன்றும் இருக்கின்றன. ஏழைகள் கணக்கு, சாலைக் கணக்கு, குடியிருப்பு விசாரணைத் தாள்கள், தேவாலயத்துக்குரிய தசமபாகத்தைக் கணக்கிட வரைந்த நில வரைபடம் எல்லாம் அந்த ஒரே பெட்டிக்குள்தான் கிடந்தன. 1894ஆம் ஆண்டுச் சட்டமோ, ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளும், தேவாலயக் காரியத்தை முழுமையாகவோ ஒரு பகுதியாகவோ தொடும் ஏடுகளும் பழைய பொறுப்பிலேயே இருக்கட்டும் என்றும், மற்றப் பொது ஏடுகள் இருந்த இடத்திலேயே இருக்கலாம், அல்லது கவுன்சில் சொல்லும் இடத்துக்குப் போகலாம் என்றும் வகுத்தது. ஒரே புத்தகத்தின் முன்பக்கத்தில் தேவாலயக் கணக்கும் பின்பக்கத்தில் ஏழைகள் கணக்கும் எழுதியிருந்தால் அது தேவாலயத்தோடு நின்றது. தனியாக எழுதியிருந்தால் கவுன்சிலுக்குப் போக வழி இருந்தது. எனவேதான் பக்கத்துப் பக்கத்து ஊர்களிலேயே ஒரே வகை ஏடு ஓர் ஊரில் தேவாலயத் தொகுப்பிலும் அடுத்த ஊரில் கவுன்சில் தொகுப்பிலும் கிடைக்கிறது. ஒரு தொகுப்பைப் பார்த்துவிட்டு 'இந்த ஊருக்கு ஏழைகள் கணக்கு இல்லை' என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

நான் அதிகம் படித்தது கவுன்சில்களின் முதல் தீர்மானப் புத்தகங்களை. 1894 டிசம்பரில் பள்ளிக்கூட அறையில் கூடினோம் என்று தொடங்குவார்கள். சாராயக் கடையில் கூட்டம் போடக் கூடாது, வேறு பொருத்தமான இடம் கிடைக்காவிட்டால் மட்டுமே போடலாம் என்று சட்டமே சொல்லியிருந்தது. கை தூக்கி வாக்களிப்பார்கள். யாரேனும் கேட்டால் முறையான வாக்கெடுப்பு நடக்கும். பாதிரியார் தலைமை நாற்காலியில் உரிமையோடு உட்கார்ந்த காலம் போய், அவரும் ஊராரிடம் வாக்குக் கேட்டு நிற்க வேண்டியதாயிற்று. நான் பார்த்த ஒரு புத்தகத்தின் முதல் பக்கங்களில், பெரிய பண்ணை வைத்திருந்தவரின் கையெழுத்துக்குக் கீழே, பேனா பிடித்துப் பழக்கமில்லாத ஒரு கூலியாளின் கையெழுத்து ஒவ்வோர் எழுத்தாக அழுத்தி எழுதப்பட்டிருக்கிறது; தாளின் மறுபக்கத்தில் விரலை வைத்தால் அந்தத் தடம் இன்னும் தெரிகிறது. அடுத்தடுத்த கூட்டங்களில் அவர் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றே ஒன்று: கூலியாட்கள் காய்கறி பயிரிட அலாட்மென்ட் நிலம். கவுன்சிலின் கையிலிருந்த பணம் சொற்பம். ஊர் வாக்காளர் எல்லோரும் கூடும் பாரிஷ் கூட்டத்தின் சம்மதமில்லாமல், சொத்தின் வரி மதிப்பில் ஒரு பவுண்டுக்கு மூன்று பென்சுக்கு மேல் வரி போட முடியாது, சம்மதம் இருந்தாலும் ஆறு பென்சுதான் உச்சம். அந்தச் சிறு பணத்தில் நிலம், குடிநீர்ப் பம்பு, தெருவிளக்குக்கான எண்ணெய் என்று அவர்கள் போராடியதை வாசிக்கும்போது எனக்கு மனம் நெகிழ்கிறது.

வெஸ்ட்ரி காலத்துத் தாள்களில் என்னை மிகவும் உலுக்கியவை குடியிருப்பு விசாரணைத் தாள்கள். 1662ஆம் ஆண்டுச் சட்டப்படி, உதவி கேட்கக்கூடியவர் என்று கருதப்பட்டவரை அவருடைய சொந்தப் பாரிஷுக்குத் திருப்பி அனுப்பலாம். சொந்தப் பாரிஷ் எது என்று தெரிய, அவரை நீதிபதிகள் முன் நிறுத்தி வாழ்க்கையையே சொல்ல வைத்தார்கள்: எங்கே பிறந்தாய், எந்தப் பண்ணையில் முழு ஆண்டு வேலை செய்தாய், என்ன சம்பளம் வாங்கினாய். மணமாகாதவர் ஓர் ஊரில் ஓராண்டு முழுவதும் வேலை செய்தால் அங்கே குடியிருப்பு உரிமை வந்துவிடும் என்பதால், ஓராண்டு நிறைவதற்குச் சில நாள் முன்பே ஆளை நிறுத்திய பண்ணையார்கள் பலர். எழுதத் தெரியாத பெண் ஒருத்தி தன் வாழ்க்கையை முழுதாகச் சொன்ன ஒரே பதிவு, அவளை ஊரைவிட்டு அனுப்புவதற்காக எழுதிய அந்தத் தாளாகவே இருக்கும். அடியில் அவள் போட்ட பெருக்கல் குறி மட்டும் இருக்கும். இந்தத் தாள்கள் கிடைத்தால் விடாதீர்கள்.

பாரிஷ் கவுன்சில் கிளார்க்காக இருக்கும் உறுப்பினர்

ஐயா எழுதியது முழுக்க உண்மை. நான் இங்கிலாந்தின் தென்பகுதியில் ஒரு சிறிய பாரிஷ் கவுன்சிலில் பகுதிநேரக் கிளார்க்காக, அதாவது செயலராக, இருக்கிறேன். இங்கிலாந்தில் ஏறத்தாழ 10,000 பாரிஷ், டவுன் கவுன்சில்கள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு இன்றும் தனி அலுவலகம் கிடையாது. கிளார்க்கின் வீடுதான் அலுவலகம், கிளார்க்கின் அலமாரிதான் காப்பகம். எனக்கு முன்பு இருந்தவர் காலமானபின், அவருடைய மகள் அழைத்து, மாடியறையைக் காலி செய்யப் போகிறோம், கவுன்சில் காகிதம் ஏதோ இருக்கிறது, வேண்டுமா என்று கேட்டார். போய்ப் பார்த்தால், கிறிஸ்துமஸ் அலங்காரப் பொருள்களுக்கு அடியில் இரண்டு உலகப் போர்க் காலத்துத் தீர்மானப் புத்தகங்கள். அந்த அம்மையார் அழைத்திராவிட்டால் அவை குப்பை வண்டியில் போயிருக்கும். எத்தனை ஊர்களில் அப்படிப் போயிருக்குமோ என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது.

அந்தப் புத்தகங்களில் 1919, 1920ஆம் ஆண்டுப் பக்கங்களைப் படிப்பது எளிதாக இல்லை. போரில் இறந்தவர்களுக்கு நினைவுச்சின்னம் எங்கே வைப்பது, தேவாலய வளாகத்திலா பொது வெளியிலா, கல்லா மண்டபமா, யார் பெயரை எந்த வரிசையில் பொறிப்பது என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசியிருக்கிறார்கள். பேசியவர்களில் சிலரின் குடும்பப் பெயரே அந்தப் பட்டியலிலும் இருக்கிறது. பதிவு எழுதியவரோ 'விவாதத்துக்குப்பின் ஒத்திவைக்கப்பட்டது' என்ற ஒரே வரியோடு விட்டுவிடுகிறார். தீர்மானப் புத்தகத்தின் இயல்பு அதுதான். முடிவை எழுதும், அழுகையை எழுதாது. அதே மாத உள்ளூர்ப் பத்திரிகையைச் சேர்த்துப் படித்தால்தான் யார் என்ன பேசினார்கள் என்பது தெரியும்.

பழைய புத்தகங்களைக் கவுண்டி ஆவணக் காப்பகத்தில் ஒப்படைக்கலாம் என்று நான் சொன்னபோது, 'நம் ஊர்ச் சொத்தை ஏன் கொடுக்க வேண்டும்' என்று உறுப்பினர் சிலர் எதிர்த்தார்கள். ஒப்படைப்பதால் உடைமை கைமாறுவதில்லை, அவை கவுன்சிலுக்கே சொந்தம், ஈரமும் எலியும் இல்லாத அறையில் இருக்கும் என்பதைப் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. இறுதியில் ஒப்புக்கொண்டார்கள். கவுண்டி ஆவணக் காப்பகம் என்ற ஏற்பாடே 1913இல் பெட்ஃபோர்ட்ஷயரில்தான் தொடங்கியது; அதற்கு முன்பு கிராம ஏடுகளுக்கு இப்படி ஒரு புகலிடம் இல்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கவுன்சிலின் தீர்மானப் பதிவைப் பார்க்க அந்த ஊரின் வாக்காளருக்குச் சட்டப்படி உரிமை உண்டு. தயங்காமல் கிளார்க்குக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்; பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு உதவுவார்கள்.

ஊர்ப்பாதைகளில் ஈடுபாடுள்ள உறுப்பினர்

என் அனுபவம் சற்று வேறு வகை. எங்கள் ஊரில் வயலின் ஓரமாகப் போன ஒரு பாதையை, நிலத்தைப் புதிதாக வாங்கியவர் கம்பி வேலி போட்டு அடைத்துவிட்டார். பொதுமக்கள் நடக்க உரிமையுள்ள பாதைகளைக் காட்டும் கவுண்டியின் அதிகாரபூர்வ வரைபடத்தில் அந்தப் பாதை இல்லை. அந்த வரைபடத்துக்கு அடிப்படையே பாரிஷ் கவுன்சில்களின் உழைப்புதான்: 1949ஆம் ஆண்டின் தேசியப் பூங்காச் சட்டத்துக்குப்பின், ஒவ்வொரு பாரிஷும் தன் எல்லைக்குள் உள்ள பாதைகளை நடந்து பார்த்துப் பட்டியல் எழுதிக் கொடுத்தது. எங்கள் ஊர்ப் பட்டியலை நான் காப்பகத்தில் கண்டுபிடித்தேன். பென்சிலால் எழுதிய அந்தத் தாளில், எந்த வேலியில் அதைத் தாண்டிச் செல்ல ஏறுபடி இருக்கிறது, எந்த ஓடைமேல் பலகைப் பாலம் உடைந்திருக்கிறது என்பதுவரை குறித்திருக்கிறார்கள். அடைபட்ட பாதையும் அதில் இருந்தது. வரைபடம் வரைந்தபோதுதான் எப்படியோ விடுபட்டிருக்கிறது.

அந்த ஒரு தாள் போதாது என்று தெரிந்தவர்கள் சொன்னதால், கவுன்சிலின் முந்தைய தீர்மானப் புத்தகங்களையும் படித்தேன். முதல் உலகப் போருக்கு முன்பே அதே பாதையின் ஏறுபடியைப் பழுதுபார்க்கத் தச்சருக்குக் கூலி கொடுத்ததாக ஒரு வரி கிடைத்தது. பொதுப் பணத்தில் பழுதுபார்த்த பாதை என்பது வலுவான சான்று. இன்று அந்தப் பாதை வரைபடத்தில் ஏறியிருக்கிறது. பழைய பாதைகளைச் சேர்க்க 2000ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் 2026 தொடக்கத்தைக் காலக்கெடுவாக வைத்தது. பின்னர் அது 2031க்குத் தள்ளிப்போயிற்று. இத்தகைய தேடலில் இருப்பவர்கள் கெடு நெருங்கும்வரை காத்திராமல், தச்சர் கூலி, ஓடைப் பலகை, வாசற்கதவு என்று வரும் செலவு வரிகளை இப்போதே குறித்துவையுங்கள். படம் எடுக்கும்போது புத்தகத்தின் எண்ணும் பக்க எண்ணும் ஒரே படத்தில் விழும்படி எடுத்தால் பின்னால் தேட வேண்டியிராது.

சென்னையிலிருந்து ஓர் உறுப்பினர்

வெஸ்ட்ரி என்ற அமைப்பு நம் ஊருக்கும் வந்தது என்பதால் எழுதுகிறேன். புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி தேவாலயம் 1680இல் அர்ச்சிக்கப்பட்டது. அதன் திருமணப் பதிவேட்டின் முதல் பதிவு, பின்னாளில் இந்தக் கோட்டையின் ஆளுநரான எலைஹு யேலுக்கு அதே ஆண்டு நடந்த திருமணம். அங்கும் சர்ச் வார்டன்களும் வெஸ்ட்ரியும் இருந்தார்கள். 1715இல் ஒரு தர்மப் பள்ளியையும் தொடங்கினார்கள். ஊர் ஆட்சி அவர்கள் கையில் இல்லாதபோதும் ஏழைகளுக்கான நிதியை அவர்கள் கவனித்தார்கள். இழையைத் தொடங்கிய ஐயாவிடம் ஒரு கேள்வி: என் கணவர்வழி மூதாதையர் ஒருவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த ஆங்கிலேயர். அந்தப் பகுதிக்குப் பாரிஷ் கவுன்சில் ஏடு கிடைக்குமா?

இழையைத் தொடங்கியவர்

அம்மா, கிடைக்காது, ஆனால் அதற்கு ஈடான ஏடுகள் உண்டு. 1894ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாரிஷ் கவுன்சில்கள் கிராமப் பாரிஷ்களுக்கு மட்டுமே உரியவை. உள் லண்டனில் 1855ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெரிய பாரிஷ்களின் வெஸ்ட்ரிகளே வரி செலுத்துவோரால் தேர்ந்தெடுக்கப்பட்டு, சாக்கடை, தெருவிளக்கு, நடைபாதை எல்லாவற்றையும் கவனித்தன. 1900இல் அவற்றின் இடத்துக்குப் பரோ என்னும் நகராட்சிகள் வந்தன. பின்னர் 2007ஆம் ஆண்டுச் சட்டம்தான் லண்டனில் பாரிஷ் கவுன்சில் அமைக்க மீண்டும் வழி திறந்தது. 2014இல் வெஸ்ட்மின்ஸ்டரின் குயின்ஸ் பார்க்கில் அத்தகைய முதல் கவுன்சில் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆகவே உங்கள் மூதாதையரின் தெரு எந்தப் பழைய பாரிஷில் இருந்தது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். பிறகு அந்தப் பாரிஷை உள்ளடக்கிய இன்றைய பரோவின் உள்ளூர் வரலாற்று நூலகத்தில் வெஸ்ட்ரி தீர்மானப் புத்தகங்களையும் வரிப் புத்தகங்களையும் கேளுங்கள். வரிப் புத்தகம் தெருவாரியாக எழுதப்பட்டிருக்கும். வீட்டு வரியை உரிமையாளரே கட்டியிருந்தால் குடியிருந்தவரின் பெயர் விடுபட்டிருக்கலாம் என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு தேடுங்கள்.