டியூபுலர் டயர், 25 எம்எம்: எதை எடுக்கலாம்?

வணக்கம் மக்களே. என் சைக்கிளோட கார்பன் வீலுக்கு (ரிம்மையே கட்டை பிடிக்கிற ரிம் பிரேக்) டியூபுலர் டயர் மாத்தணும், அதாவது டியூபை உள்ளே வச்சுத் தைச்சு, ரிம்முல பசை போட்டு ஒட்டுற டயர். பயிற்சி புதுச்சேரி-கடலூர் ரோடு, ரேஸுக்கும் அதே வீல்தான். விட்டோரியா கோர்சாவா, கான்டினென்டல் காம்பெடிஷனா? கோர்சா காட்டன் கேசிங் (டயரோட உள்துணி), ஓட்டம் சொகுசு. ஆனா உள்ளே லேடெக்ஸ் (இயற்கை ரப்பர்) டியூப், ராத்திரி அடிச்ச காத்து காலையில இறங்கியிருக்கும். காம்பெடிஷன்ல பியூட்டைல் (செயற்கை ரப்பர்) டியூப், காத்து நிக்கும், கொஞ்சம் விறைப்பு. ரோட்டோர மணலுக்கும் பாட்டில் சில்லுக்கும் இதுதான் தாங்கும்னு தோணுது.

பெரிய கவலை பசைதான். ரிம்முக்கு மெல்லிசா ரெண்டு கோட், டயர் அடிநாடாவுக்கு ஒண்ணு, ராத்திரி முழுக்கக் காயவிட்டு, ரிம்முல கடைசிக் கோட் போட்டு ஏத்தி, 24 மணி நேரம் கழிச்சு ஓட்டுறதா திட்டம். மே வெயில், அதுக்கு மேல பிரேக் சூடு. பசை இளகினா வளைவுல டயர் ரிம்மை விட்டுக் கழண்டுடும். நம்ம ஊர் வெயில்ல விட்டோரியா மாஸ்டிக் ஒன் பசை போட்டு ஓட்டினவங்க இருக்கீங்களா? பிடிப்பு எப்படி? என் எடை 65 கிலோ. காத்தழுத்தம் முன்னே 90, பின்னே 95 பிஎஸ்ஐ சரியா?