'ப்ரோட்ரோம்' என்பதை 'அறிகுறி' என்று எழுதலாமா?

கேள்வி: மருத்துவக் கட்டுரை மொழிபெயர்ப்பில் 'ப்ரோட்ரோம்' அடிக்கடி வருகிறது. 'அறிகுறி' போதுமா? 'ஆரா'வும் (ஒற்றைத் தலைவலியோடு வரும் பார்வைக் கோளாறு போன்றவை) இதுவும் ஒன்றா?

பதில்: போதாது. கிரேக்கத்தில் 'ப்ரோட்ரோமோஸ்' என்றால் முன்னே ஓடுபவர். கீழைத் திருச்சபைகளில் திருமுழுக்கு யோவானுக்கு அதுதான் பட்டம். மருத்துவத்தில், நோய் தன் அடையாளத்தைக் காட்டுவதற்கு முந்தைய கட்டம். தட்டம்மையைப் பாருங்கள்: தடிப்பு வர 2 முதல் 4 நாள் முன்பே காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், கண் சிவப்பு எல்லாம் வந்துவிடும். கடைவாய்ப் பல்லுக்கு எதிரே, கன்னத்தின் உட்புறத்தில் உப்புத்தூள் மாதிரி வெண்புள்ளிகளும் தெரியலாம். 'முன்னறிகுறி' என்று போடுங்கள். காலத்தைக் குறித்தால் 'முன்னறிகுறிக் கட்டம்'.

பதில்: ஆரா வேறு. ஒற்றைத் தலைவலியில் முன்னறிகுறிகள் வலிக்குச் சில மணி நேரம் முதல் 48 மணி நேரம் முன்பு வரை தொடங்கலாம்: ஓயாத கொட்டாவி, கழுத்து இறுக்கம், சிடுசிடுப்பு. ஆரா பெரும்பாலும் 5 முதல் 60 நிமிடம்தான். கண்ணில் மின்னும் வளைகோடு அதில் வழக்கம். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் கட்டுரையே குழம்பிவிடும்.

பதில்: நோயரும்பு காலத்தோடும் (கிருமி தொற்றியதிலிருந்து முதல் அறிகுறி வரும் வரையிலான காலம்) கலக்காதீர்கள், அப்போது அறிகுறியே இருக்காது. பெயரடை 'ப்ரோட்ரோமல்'. மருத்துவத்துக்கு வெளியே இந்தச் சொல் அபூர்வம். பொருளாதாரச் சரிவு வரப்போவதைக் காட்டும் அடையாளத்துக்கெல்லாம் ஆங்கிலத்தில் 'ஹார்பிஞ்சர்' என்றுதான் எழுதுவார்கள்.