மடலேன் தீவுகளில் சீல் குட்டி பார்க்க மார்ச் விடுமுறையில் போகலாமா?

ஸ்காபரோ அம்மா:
வணக்கம். கியூபெக்கின் மடலேன் தீவுகளில் இருந்து ஹெலிகொப்டரில் கூட்டிப்போய், உறைந்த கடலுக்கு மேலேயே இறக்கி வெள்ளைச் சீல் குட்டிகளைக் காட்டுவார்களாம். ஒரு படத்தைப் பார்த்த நாள் முதல் சின்னவளுக்கு (9 வயது) வேறு கதையே இல்லை. பள்ளிக்கூட விடுமுறை மார்ச் நடுவில்தான். அந்தக் கிழமை போனால் சரிவருமா? செலவு கொஞ்சநஞ்சம் இல்லை, போய்வந்தவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள்.

உறைபனி:
பிந்திவிடும் அக்கா. அந்த வெள்ளைக் குட்டிகளைப் போடும் ஹார்ப் சீல்கள் என்ற இனம் பெப்ரவரி கடைசியிலும் மார்ச் தொடக்கத்திலும்தான் அங்கே குட்டி போடும், பால் கொடுப்பது வெறும் 12 நாள் அளவில்தான். பாலில் பாதிக்குக் கிட்டக் கொழுப்பு என்பதால் 11 கிலோவில் பிறந்தது அதற்குள் 35 கிலோ வரை ஊதிவிடும், அப்புறம் தாய் அதைப் பனியிலேயே விட்டுவிட்டுப் போய்விடும், வெள்ளை முடியும் கொட்டத் தொடங்கிவிடும். மார்ச் நடுவில் போனால் அரைகுறையாக முடி கொட்டிய சாம்பல் குட்டிதான் கிடைக்கும். எனக்கு அதுவும் அழகுதான், ஆனால் உங்கள் மகள் கேட்பது அது இல்லையே.

நாங்கள் மார்ச் 3 அளவில் போனோம். இரண்டு நாள் காற்று, ஹெலிகொப்டர் கிளம்பவே இல்லை, விடுதியில் இருந்து சீட்டு விளையாடினோம். மூன்றாம் நாள் இறங்கியபோது முதலில் காதில் விழுந்தது குட்டிகளின் அழுகைதான், கைக்குழந்தை அழுவது போலவே இருந்தது. தாய் பனித்துளை வழியாகத் தலையை நீட்டி, குட்டியை மோந்து பார்த்துத் தன்னுடையதுதான் என்று தெரிந்த பிறகுதான் பால் கொடுத்தது. துளைக்கும் குட்டிக்கும் நடுவே நிற்காதீர்கள். மேலே போட ஒரு தடித்த உடுப்பு தந்தார்கள், பிள்ளைகளின் அளவு இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். கமரா பேட்டரியை உள்சட்டைப் பைக்குள் வையுங்கள், குளிரில் சட்டென்று இறங்கிவிடும்.

மாண்ட்ரியல் மச்சான்:
தேதியை விடப் பெரிய சிக்கல் பனிக்கட்டி. 2010இல் தீவுகளைச் சுற்றியுள்ள செயின்ட் லோரன்ஸ் வளைகுடாவில் பனியே சரியாகப் பிடிக்கவில்லை. பனி இல்லையென்றால் பயணமும் இல்லை, எனவே ரத்தானால் பணம் முழுசாகத் திரும்புமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு முன்பணம் கட்டுங்கள். என் நண்பர் வாய்ப்பேச்சை நம்பிக் கட்டிவிட்டு ஒரு வருடம் அலைந்தார். அப்புறம் தீவு நேரம் மாண்ட்ரியலை விட ஒரு மணி முன்னால், திரும்பும் விமானத்தைத் தவறவிடாதீர்கள்.

உறைபனி:
இன்னொன்று, வேட்டையைப் பற்றி மகள் கட்டாயம் கேட்பாள். வெள்ளைக் குட்டிகளை வணிகத்துக்காகக் கொல்வதைக் கனடா 1987இல் தடை செய்துவிட்டது, வெள்ளை முடி கொட்டியவற்றின் வேட்டை இன்னும் உண்டு. தீவு ஆட்களுக்கு அது பிழைப்பு, அங்கே போய் வாதாடப் போகாதீர்கள்.

ஸ்காபரோ அம்மா:
நன்றி. அப்படியென்றால் மார்ச் தொடக்கத்தில் நாலு நாள் பள்ளிக்கு மட்டம் போட வேண்டியதுதான். ஆசிரியைக்கு என்ன காரணம் சொல்வது?

மாண்ட்ரியல் மச்சான்:
உண்மையையே சொல்லுங்கள். அவரும் வருகிறேன் என்பார்.