புதுப்பிப்பு: பேஸ் ஆம்புடன் இரண்டாவது கேபினெட்டை இணைத்த பிறகு

பினாங்கில் திருமண மண்டபங்களில் வாசிக்கும் எங்கள் மெல்லிசைக் குழுவின் பேஸ் கிட்டாருக்கு, ஆம்ப்ளிஃபயருடன் (ஆம்ப்) இருக்கும் 8 ஓம் (மின்தடை அளவு) கேபினெட்டுடன், அதாவது ஸ்பீக்கர் பெட்டியுடன், அதே வகையில் இன்னொன்றைச் சேர்க்கலாமா என்று முன்பு இந்த இழையில் கேட்டிருந்தேன். இப்போது சேர்த்துவிட்டோம், பட்டர்வொர்த் மண்டபம் ஒன்றில் வாசித்தும் பார்த்தோம்.

இரண்டு 8 ஓம் கேபினெட்டுகள் பக்க இணைப்பில் 4 ஓம் ஆகின்றன. எங்கள் ஆம்பின் பின்புறத்தில் குறைந்தபட்சம் 4 ஓம் என்றே அச்சிடப்பட்டுள்ளது. மூன்றாவதையும் சேர்க்கலாமே என்று கேட்ட அண்ணனுக்கு: மொத்த மின்தடை அந்தக் குறைந்தபட்சத்துக்கும் கீழே, ஏறத்தாழ 2.7 ஓமுக்கு இறங்கிவிடும் என்பதால், இந்த ஆம்பில் அது கூடவே கூடாது.

கேபிளைப் பற்றி அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். கிட்டார் கேபிளும் ஸ்பீக்கர் கேபிளும் ஒரே கால் அங்குல ஜாக்குடன் வருவதால் பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினாலும், முன்னதில் இருப்பது இரைச்சலைத் தடுக்கும் உறைக்குள் ஒரு மெல்லிய நடுக்கம்பி, பின்னதில் இருப்பவை பெரும் மின்னோட்டத்தைத் தாங்கும் இரண்டு தடித்த கம்பிகள். ஆம்புக்கும் கேபினெட்டுக்கும் இடையில் கிட்டார் கேபிளைச் செருகினால் அது சூடேறும், ஆம்பும் பழுதாகலாம். நாங்கள் 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் ஸ்பீக்கான் என்ற வகை இணைப்பு முனை பொருத்திய ஸ்பீக்கர் கேபிளை வாங்கினோம். திருகிப் பூட்டிக்கொள்வதால் மேடையில் யார் கால் பட்டாலும் கழன்று வராது.

ஓம் பாதியானதால் ஆம்ப் தரும் ஆற்றல் இரட்டித்தாலும், அதனால் ஒலி 3 டெசிபல் மட்டுமே கூடும். அதைவிடப் பெரிய பயன், கேபினெட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதால் மேலிருக்கும் ஸ்பீக்கர் காதை நெருங்கி, வாசிப்பவருக்கே தன் சுரம் தெளிவாகக் கேட்பதுதான்.