உதவி: வீட்டில் 61 கீ கீபோர்டு, வகுப்பில் நிஜ பியானோ. மகளுக்கு எந்த டிஜிட்டல் பியானோ எடுக்கலாம்?

மலைக்கோட்டை அப்பா:

வணக்கம். என் மகளுக்குப் பத்து வயது. இரண்டு வருடமாக வீட்டில் இருக்கும் 61 கீ கீபோர்டில் வாசிக்கிறாள். ஆறு மாதமாக ஒரு டீச்சரிடம் போகிறாள். அவர் வீட்டில் இருப்பது பழைய அப்ரைட் பியானோ.

வீட்டில் சரளமாக வரும் பாட்டு அங்கே போனால் வருவதில்லை. போன வாரம் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். இடது கைச் சுண்டுவிரல் கட்டையை அழுத்துகிறது, கட்டையும் இறங்குகிறது, ஆனால் சத்தம் வரவில்லை. நாலைந்து சுரத்துக்கு ஒருமுறை இப்படி ஒரு ஓட்டை. மூன்றாவது முறை நின்றபோது அவள் கண் கலங்கிவிட்டது. வீட்டில் தினமும் முக்கால் மணி நேரம் உட்காருகிற பிள்ளை, பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

88 கீ, வெயிட்டட் கட்டை (நிஜ பியானோ போல எடை உள்ள கட்டை) உள்ளதாக வாங்குங்கள் என்கிறார் டீச்சர். எல்லாம் சேர்த்து 50 ஆயிரத்தை ஒட்டி முடிக்க வேண்டும். பார்த்து வைத்திருப்பவை: யமஹா பி-145, காசியோ சிடிபி-எஸ்110, ரோலண்ட் எஃப்பி-10. கடைக்காரரோ, "பி-145ல் 10 டோன் (ஒலி வகை)தான் சார், அதே கம்பெனியின் பிஎஸ்ஆர்-இ383 எடுங்கள், 650 டோன் இருக்கு, விலையும் குறைவு" என்கிறார். எனக்கு இசை தெரியாது. 650 இருக்கும்போது 10 எதற்கு என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. வழி சொல்லுங்கள்.

ஞாயிறு வாசிப்பு:

அண்ணா, வாங்குவதற்கு முன்னால் இரண்டு விஷயம் பாருங்கள்.

முதலாவது, இப்போது இருக்கும் கீபோர்டில் டச் ரெஸ்பான்ஸ் ஆன் ஆகி இருக்கிறதா? பல வீட்டுக் கீபோர்டுகளில் அது மெனுவுக்குள் இருக்கும். ஆஃப் ஆகியிருந்தால் மெதுவாகத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே சத்தம்தான். பிள்ளைக்கு விரல் பலம் பற்றிய நினைப்பே வராது.

இரண்டாவது, எந்தத் தேர்வுக்குப் போகிறாள்? லண்டன் ட்ரினிட்டி காலேஜ் நடத்தும் இசைத் தேர்வில் பியானோ வேறு, எலெக்ட்ரானிக் கீபோர்டு வேறு. இரண்டுக்கும் தனித்தனிப் பாடத்திட்டம். கீபோர்டு தேர்வென்றால் ரிதம், ஸ்டைல் (கருவியே தரும் பின்னணித் தாளமும் இசையும்) எல்லாம் வேண்டும், அப்போது கடைக்காரர் சொன்ன இ383 மாதிரி ஒன்றுதான் சரி. பியானோ தேர்வென்றால் அந்த 650 டோனில் ஒன்றே ஒன்றுதான் உங்களுக்கு வேலைக்கு ஆகும். நான் பதினைந்து வருடமாகக் கோயிலில் கீபோர்டு வாசிக்கிறேன். எத்தனையோ நூறு டோன் இருந்தும் நான் தொடுவது எட்டோ பத்தோதான்.

மலைக்கோட்டை அப்பா:

தம்பி, மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடி பார்த்தேன். டச் ஆஃப் ஆகித்தான் இருந்தது! எப்போது யார் மாற்றினோம் என்று தெரியவில்லை. ஆன் செய்தவுடன் மகளே திரும்பிப் பார்த்தாள். இப்போது மெதுவாகத் தொட்டால் மெதுவாக வருகிறது.

ஆனால் நேற்று வகுப்பில் மறுபடி அதே ஓட்டை. முன்னைவிடக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். தேர்வு பியானோ, கிரேடு 2.

நாகர்கோவில் பியானோ டீச்சர்:

சார், நான் பியானோ சொல்லிக்கொடுப்பவள். உங்கள் மகளுக்கு நேர்ந்தது என் மாணவர்களில் பாதிப் பேருக்கு நேர்ந்திருக்கிறது. தப்பு அவளிடம் இல்லை. இதை முதலில் அவளிடம் சொல்லுங்கள்.

நிஜ பியானோவில் கட்டை ஒரு நெம்புகோல். நீங்கள் முன்முனையை அழுத்தினால் உள்ளே கம்பளி சுற்றிய ஒரு சுத்தி கம்பியை நோக்கி எறியப்படுகிறது. கம்பியைத் தொடுவதற்குச் சற்று முன்னால் சுத்தி கட்டையிடமிருந்து விடுபட்டு, கடைசி இடைவெளியைத் தன் வேகத்திலேயே கடக்கும். விரல் போதிய வேகம் கொடுக்காவிட்டால் சுத்தி பாதியில் திரும்பிவிடும். கட்டை அடிவரை இறங்கியிருக்கும், சத்தம் இருக்காது. நீங்கள் பார்த்த ஓட்டை இதுதான். இடது கைச் சுண்டுவிரல் போவது கனமான சுத்திகள் உள்ள பக்கம். கையில் பலம் குறைந்த விரல் அங்கேதான் மாட்டுகிறது.

61 கீ கீபோர்டில் கட்டையைத் தாங்குவது பெரும்பாலும் ஒரு ஸ்பிரிங். எவ்வளவு சோம்பலாக அழுத்தினாலும் ஏதோ ஒரு சத்தம் வந்துவிடும். அதனால் டச் ஆன் செய்தும் பாதிதான் சரியாகியிருக்கிறது. ஹேமர் ஆக்‌ஷன் (சுத்தி போன்ற அமைப்பு) உள்ள டிஜிட்டல் பியானோவில் கட்டைக்கு உள்ளே நிஜமான எடை இருக்கிறது. இடது பக்கம் கனமாகவும் வலது பக்கம் போகப்போக லேசாகவும் இருக்கும்.

உங்கள் மூன்றையும் பற்றி என் கருத்து.

பி-145 2023ல் வந்தது. அதற்கு முன்னால் 2015 முதல் இருந்த பி-45க்கு மாற்று. பழையதில் ஜிஎச்எஸ் என்ற கட்டை, புதியதில் ஜிஎச்சி. உடம்பு 295 மில்லிமீட்டர் ஆழத்திலிருந்து 268க்கு ஒல்லியாகிவிட்டது. புதியது என்பதாலேயே கட்டை மேம்பட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். உடம்பு ஒல்லியாகும்போது உள்ளே நெம்புகோலின் நீளத்துக்கும் இடம் குறைகிறது. கறுப்புக் கட்டைகளுக்கு நடுவே விரலை உள்ளே விட்டு வெள்ளைக் கட்டையை அழுத்தும்போது அது கனமாகத் தெரியும். காசியோ எஸ்110 இன்னும் ஒல்லி, 232 மில்லிமீட்டர். ஆறு ஏஏ பேட்டரியிலும் ஓடும், எடை பத்தரைக் கிலோ. தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு அருமையான கருவி. உங்களுக்கு அந்தத் தேவை இல்லை.

எஃப்பி-10 2019ல் வந்தது, மூன்றில் அதுதான் பழசு. ஆனாலும் கட்டைக்காக மட்டும் கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன். பிஎச்ஏ-4 என்று பெயர். ஒவ்வொரு கட்டையிலும் மூன்று சென்சார், மற்ற இரண்டிலும் இரண்டுதான். ஒரே கட்டையை வேகமாகத் திரும்பத் திரும்ப அடிக்கும்போது, கட்டை முழுதாக மேலே வருவதற்கு முன்பே அடுத்த அடியைப் பிடித்துக்கொள்ளும். சுத்தி விடுபடும் இடத்தில் வரும் சின்னத் தடங்கலைக்கூட விரலில் உணரலாம்.

பாலிஃபொனி, அதாவது ஒரே நேரத்தில் எத்தனை சுரம் ஒலிக்கலாம் என்பது பற்றிப் பலரும் பயமுறுத்துவார்கள். யமஹா, காசியோ இரண்டிலும் 64, ரோலண்டில் 96. சத்தத்தை நீட்டும் பெடலை மிதித்துக்கொண்டே நிறைய சுரங்களை அடுக்கினால்தான் பழைய சுரம் அறுந்துபோகும். கிரேடு 5 வரைக்கும் 64 தாராளம்.

இப்போது ஒரு வேலை. கடைக்குப் போகும்போது பத்து ரூபாய் நாணயம் ஏழு எடுத்துப் போங்கள். ஒன்று சுமார் 7.7 கிராம், ஏழும் சேர்ந்தால் சுமார் 54 கிராம். நன்றாக வைத்திருக்கும் பியானோவில் நடுக் கட்டை 50 கிராமை ஒட்டி மெல்ல இறங்க ஆரம்பிக்கும். முதலில் உங்கள் டீச்சரிடம் அனுமதி கேட்டு, அவர் பியானோவில் நடு ஸ (மிடில் சி) கட்டையின் முன்விளிம்பில் ஒவ்வொன்றாக அடுக்கிப் பாருங்கள். எத்தனையாவது நாணயத்தில் இறங்கியது என்று குறித்துக்கொண்டு, கடையிலும் அதே இடத்தில் வைத்துப் பாருங்கள். உங்களுக்கு இசை தெரியத் தேவையில்லை.

கமகப் பிரியன்:

ஒரு இடைக்கேள்வி, மன்னிக்கவும். இந்த மூன்றில் எதிலாவது பிட்ச் பெண்ட் வீல் (சுரத்தை வளைக்கும் சக்கரம்) இருக்கிறதா? என் மகன் கர்நாடக சங்கீதம் கீபோர்டில் வாசிக்கிறான்.

ஞாயிறு வாசிப்பு:

மூன்றிலும் இல்லை அண்ணா. இ383லும் கிடையாது. பிஎஸ்ஆர்-இ473ல் இருக்கிறது. கமகத்துக்கு வீல் இல்லாமல் முடியாது, உங்கள் தேவையே வேறு. தனியாக ஒரு இழை போடுங்கள், விரிவாகப் பேசலாம்.

மலைக்கோட்டை அப்பாவுக்கு ஒன்று: பழைய கீபோர்டைக் கொடுத்துவிட்டுப் புதியது எடுக்கும் திட்டம் இருந்தால் வேண்டாம். அதற்குப் பெரிதாக ஒன்றும் தரமாட்டார்கள். சினிமாப் பாட்டுக்குத் தபலா ரிதம் போட்டு வாசிக்கும் சந்தோஷம் பிள்ளைக்கு வேண்டும். டிஜிட்டல் பியானோவில் அது கிடைக்காது.

ரெண்டாம் மாடி:

டீச்சர் அக்கா சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். கருவிக்கே பணம் முழுக்கப் போட்டுவிடாதீர்கள். நான் அப்படிச் செய்து, ஒரு வருடம் சாப்பாட்டு மேஜைமேல் வைத்து வாசித்தேன். தோள்பட்டை வலி வந்ததுதான் மிச்சம். தரையிலிருந்து கட்டையின் மேற்பரப்பு 72 முதல் 74 செண்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். மேஜையே 75 இருக்கும், அதன்மேல் கருவியின் உயரம் வேறு. உட்கார்ந்தால் முழங்கை கட்டையின் மட்டத்துக்கு வர வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு உயரம் மாற்றக்கூடிய பெஞ்ச் கண்டிப்பாக வேண்டும்.

அப்புறம் பெடல். எந்தக் கம்பெனியாக இருந்தாலும் இந்த விலையில் கூடவே தருவது தீப்பெட்டியைப் பெரிதாக்கினது போன்ற ஒரு சின்னச் சதுர சுவிட்ச். டைல்ஸ் தரையில் மிதித்தால் வழுக்கிக்கொண்டு சுவருக்குப் போய்விடும். பியானோ பெடல் வடிவத்தில் கனமாக ஒன்று தனியாக வாங்குங்கள். பி-145க்கு எஃப்சி3ஏ, எஃப்பி-10க்கு டிபி-10. இவற்றில் பாதி மிதித்தால் பாதி வேலை செய்யும். சதுர சுவிட்சுக்கு ஆன், ஆஃப் இரண்டுதான் தெரியும்.

ஹெட்ஃபோன் போட்டாலும் கட்டை இறங்கும் "தட் தட்" கீழ் வீட்டுக்குக் கேட்கும். ஸ்டாண்டுக்கு அடியில் தடித்த ரப்பர் மேட் ஒன்று போடுங்கள். கீழ்வீட்டு அம்மா சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

மலைக்கோட்டை அப்பா:

எல்லோருக்கும் நன்றி. நேற்று கடைக்குப் போய்வந்தோம், விவரமாக எழுதுகிறேன்.

டீச்சர் வீட்டுப் பியானோவில் ஏழாவது நாணயம் வைத்ததும் கட்டை மெதுவாக உட்கார்ந்தது. மகள் கைகொட்டிச் சிரித்தாள். எங்கள் வீட்டுக் கீபோர்டிலும் வைத்துப் பார்த்தோம். கட்டை கொஞ்சம் இறங்கி, நடுவழியில் நின்றுவிட்டது. ஸ்பிரிங் போகப்போக இறுகுகிறது என்று அப்போதுதான் கண்ணால் பார்த்துப் புரிந்தது.

கடையில் அவளைக் கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொன்றின் முன்னாலும் உட்காரவைத்து, வகுப்பில் ஓட்டை விழும் அதே எட்டு பட்டியை (பார்) வாசிக்கச் சொன்னேன். எஃப்பி-10ல் வாசித்துவிட்டு, "இது மிஸ் வீட்டுப் பியானோ மாதிரியே இருக்குப்பா" என்றாள். பி-145ல் "கிட்டத்தட்ட அதே மாதிரி, கொஞ்சம் லேசு" என்றாள். மூன்றிலுமே சுண்டுவிரல் ஆரம்பத்தில் திணறியது, நிஜ பியானோ போலவே விரலுக்கு வேலை கொடுக்கிறதே என்று அது ஒரு விதத்தில் எனக்கு நிம்மதி.

மனசு எஃப்பி-10 மேல்தான். ஆனால் அதை எடுத்தால் பெஞ்சுக்கும் பெடலுக்கும் பணம் இல்லை. பி-145 எடுத்தால் ஸ்டாண்ட், பெஞ்ச், எஃப்சி3ஏ, மேட் எல்லாமே அடங்குகிறது. டீச்சர் அம்மா, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

நாகர்கோவில் பியானோ டீச்சர்:

பி-145ஐ எடுங்கள் சார். தயக்கமே வேண்டாம். நல்ல கட்டையோடு தப்பான உயரத்தில் இரண்டு வருடம் உட்கார்ந்த பிள்ளையின் மணிக்கட்டைத் திருத்த எனக்கு ஒரு வருடம் ஆகும். கொஞ்சம் லேசான கட்டையோடு சரியாக உட்கார்ந்த பிள்ளை வகுப்புப் பியானோவுக்கு இரண்டு வாரத்தில் பழகிவிடும். உள்ளே டச் அளவை ஹார்டு என்று மாற்றி வையுங்கள். கட்டையின் எடை மாறாது, ஆனால் சத்தம் வர விரல் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும்.

ஹெட்ஃபோன் துளை 6.3 மில்லிமீட்டர், பெரியது. போன் ஹெட்ஃபோன் நேராகப் போகாது. அடாப்டர் ஒன்று சேர்த்து வாங்கிவிடுங்கள்.

மலைக்கோட்டை அப்பா:

வந்துவிட்டது! பெஞ்சைப் பதினைந்து தடவை ஏற்றி இறக்கி உயரம் பிடித்தோம். ஆனால் ஒரு பிரச்சினை. பெடல் தலைகீழாக வேலை செய்கிறது. காலை எடுத்தால் சத்தம் நீள்கிறது, மிதித்தால் நிற்கிறது. பெடல் பழுதா? திருப்பிக் கொடுக்க வேண்டுமா?

ஞாயிறு வாசிப்பு:

பழுது இல்லை அண்ணா. பவர் ஆன் செய்யும்போது பாப்பா பெடல்மேல் காலை வைத்திருந்தாளா? ஆன் ஆகும் அந்த நொடியில் பெடல் எந்த நிலையில் இருக்கிறதோ, அதையே "மிதிக்காத நிலை" என்று கருவி எடுத்துக்கொள்ளும். ஆஃப் செய்யுங்கள், காலை முழுக்க எடுங்கள், பெடல் ஜாக் இறுக்கமாக இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள், பிறகு ஆன் செய்யுங்கள்.

மலைக்கோட்டை அப்பா:

சரியாகிவிட்டது தம்பி. காலை வைத்துக்கொண்டுதான் அவளே ஆன் செய்திருக்கிறாள். இப்போது அந்த எட்டு பட்டியைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறாள். ஓட்டை இன்னும் விழுகிறது, ஆனால் விழும்போதெல்லாம் தானே நிறுத்தி, சுண்டுவிரலைப் பார்த்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கிறாள். வரும் சனிக்கிழமை வகுப்பு. போய்வந்து எழுதுகிறேன்.