கறை படிந்த ரீல், டேங்க், ட்ரே: உங்கள் அனுபவம் என்ன?

போன மாதம் ஒரு 36 ஃபிரேம் கேமரா ஃபிலிம் ரோலை வீட்டில் டெவலப் செய்ய ரீலில் (ஃபிலிமைச் சுருளாகப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் சக்கரம்) ஏற்றும்போது பாதியில் நின்றுவிட்டது. கும்மிருட்டு, கை வியர்க்கிறது, முன்னும் பின்னும் திருகத் திருக ஃபிலிம் உள்ளே போகாமல் ஒரே இடத்தில் மடங்கும் சத்தம்தான் கேட்கிறது. எப்படியோ ஏற்றி டெவலப் செய்து பார்த்தால் நாலு ஃபிரேமில் நகத்தால் கீறியது போல பிறை வடிவக் கறுப்பு. மடங்கிய இடத்தில் அப்படித்தான் வரும்.

ரீல் நன்றாகப் பழுப்பேறி இருந்தது. அதனால் கறைதான் ஃபிலிமைப் பிடித்து நிறுத்துகிறது என்று முடிவு கட்டி, வீட்டுக்கு வாங்கும் ப்ளீச்சை ஒன்றுக்குப் பத்து தண்ணீர் சேர்த்து அரை மணி நேரம் ஊறவைத்தேன். கறை போனது, புதிது போல வெள்ளை ஆகிவிட்டது. அடுத்த ரோலும் அதே இடத்தில் சிக்கியது!

அப்புறம்தான் ரீலின் பள்ளத்தில் விரல் நகத்தை ஓட்டிப் பார்த்தேன். வழவழவென்று இருக்க வேண்டிய இடம் லேசாகப் பிசுபிசுத்தது. வெட்டிங் ஏஜென்ட்தான், அதாவது ஃபிலிமில் தண்ணீர்ப் புள்ளி விழாமல் இருக்கக் கடைசி அலசலில் விடும் சோப்பு மாதிரித் திரவம். கடைசி அலசலை ரீலோடு சேர்த்தே டேங்கில் (ரீலை வைத்து ரசாயனம் ஊற்றும், வெளிச்சம் புகாத டப்பா) செய்துவந்தேன், அதுவும் புள்ளி விழக்கூடாது என்று நாலு சொட்டு கூடுதலாக விட்டு. அது ஒவ்வொரு தடவையும் பள்ளத்தில் காய்ந்து மெழுகு மாதிரி படிந்திருக்கிறது, கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஈரம் பட்டால் பசை. ரீல் வாயில் ஃபிலிமைப் பிடித்து உள்ளே தள்ளும் சின்ன எஃகு குண்டு இருக்கிறதல்லவா, அதுவும் அதன் குழியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர், இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், பழைய பல் பிரஷ். ரீலை இரண்டாகக் கழற்றி ஒவ்வொரு பள்ளமாகத் தேய்த்தேன். (கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், பிளாஸ்டிக் வளைந்துவிட்டால் அந்த ரீல் அவ்வளவுதான்.) காய்ந்ததும் காதருகே குலுக்கினால் குண்டு கடகடவென்று ஆட வேண்டும். இப்போதெல்லாம் விளக்கை அணைக்கும் முன் இதைத்தான் முதலில் பார்க்கிறேன். வெட்டிங் ஏஜென்டை ரீலிலிருந்து ஃபிலிமை எடுத்த பிறகு தனி டப்பாவில், 1:200 அளவுக்கு மேல் போகாமல்.

பழுப்புக் கறை என்பது டெவலப்பரில் (ஃபிலிமில் படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசல்) உள்ள ஹைட்ரோகுவினோன் மாதிரிப் பொருட்கள் காற்றுப் பட்டு ஆக்சிஜனேற்றமாகி பிளாஸ்டிக்கில் ஊறியது. பைரோ டெவலப்பர் (ஃபிலிமிலேயே கறை ஏற்றும் வகை) பயன்படுத்துபவர்களின் டேங்க் இன்னும் கறுத்திருக்கும். அந்தக் கறையால் ஃபிலிமுக்கு எந்தக் கெடுதலும் இல்லை. நான் டேங்கின் நிறத்தைப் பற்றிக் கவலைப்படுவதையே விட்டுவிட்டேன். உங்களுக்கு எப்படி?

பதில் 1

ப்ளீச் என்றதும் எனக்கு அந்த நாள் ஞாபகம் வந்துவிட்டது, தயவுசெய்து எல்லோரும் இதைப் படியுங்கள். ரசாயனம் ஊற்றும் ட்ரேயின் அடியில் கொஞ்சம் ஸ்டாப் பாத் (டெவலப்பரின் வேலையை நிறுத்தும் அமிலக் கரைசல்) மிச்சமிருந்தது, கவனிக்காமல் அதன் மேலேயே ப்ளீச்சை ஊற்றினேன். குப்பென்று குளோரின் கிளம்பியது. ஜன்னல் இல்லாத குளியலறை, கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தும் இரண்டு நாள் இருமல் நிற்கவில்லை. ஸ்டாப் பாத் மட்டுமல்ல, அமில ஃபிக்ஸர் (படத்தை நிலைப்படுத்தும் கரைசல்), வினிகர், சிட்ரிக் அமிலம் எதுவாக இருந்தாலும் இதே கதைதான். அமோனியா உள்ள கிளீனரோடு கலந்தாலும் நச்சு வாயு வரும். முதலில் தண்ணீரில் மூன்று நான்கு தடவை அலசுங்கள், அப்புறம் ப்ளீச், அதன்பின் மறுபடியும் நன்றாக அலசுங்கள், ஏனென்றால் மிச்சம் நின்றால் அடுத்த டெவலப்பரைத் தின்றுவிடும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரீலுக்கு ப்ளீச் வேண்டவே வேண்டாம். ஒரு ராத்திரி ஊறவைத்து எடுத்ததில் கம்பி முழுக்க ஊசி குத்தினது மாதிரி குழிகள். குளோரைடு அந்த எஃகை அரிக்கும். அந்தக் குழிகள் ஃபிலிமைக் கீறிவிடும் என்று பயந்து தூக்கிப் போட்டுவிட்டேன்.

பதில் 2

ட்ரேயில் கண்ணாடி மாதிரி பளபளக்கும் கறுப்புப் படலம் இருந்தால் அது வெள்ளி. ப்ளீச்சில் ஊறவைத்துப் பார்த்தேன், அப்படியே இருந்தது. இது பழுப்புக் கறை மாதிரி இல்லை, செதிலாக உரிந்து ஃபிலிம் மேல் ஒட்டும், கட்டாயம் எடுத்துவிட வேண்டும். எனக்குக் கைகொடுத்தது பொட்டாசியம் பெர்மாங்கனேட்: ஒரு லிட்டர் தண்ணீரில் 2 கிராம் முழுதாகக் கரைந்த பிறகு, 4 மி.லி. கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக அந்தத் தண்ணீரில் விட வேண்டும். உலர்ந்த பெர்மாங்கனேட்டின் மேல் அமிலம் படவே கூடாது, வெடிக்கும். கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இரண்டும் அவசியம். ப்ளீச் போட்ட ட்ரே என்றால் நன்றாக அலசிய பிறகே இதை ஊற்றுங்கள்.

சில நிமிடத்தில் கறுப்பு கரைந்து ட்ரே முழுக்கக் காப்பிக்கொட்டை நிறமாகிவிடும். முதல் தடவை ட்ரே பாழாகிவிட்டது என்றே நினைத்தேன். அது மாங்கனீஸ் டைஆக்சைடு. ஊதாத் தண்ணீரைக் கொட்டி அலசிவிட்டு சோடியம் பைசல்ஃபைட் கரைசலை ஊற்றினால், ஊற்றிய இடத்திலிருந்து வெள்ளைப் பாதை போட்டுக்கொண்டு அந்த நிறம் மறைவதைப் பார்க்கலாம். மூச்சை முட்டும் நெடி வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

பழைய குறிப்புகளில் டைக்ரோமேட் போட்ட கிளீனர் இருக்கும். அது புற்றுநோய் உண்டாக்கும் குரோமியம், வீட்டில் தொடாதீர்கள்.

முதலில் எழுதியவர்

இருவருக்கும் நன்றி. என் பழைய அளவுக் குடுவையில் இருக்கும் வெள்ளைப் படிவம் உப்புத் தண்ணீரின் சுண்ணாம்புதான், சிட்ரிக் அமிலம் ஒரு ஸ்பூன் போட்டு அரை மணி நேரத்தில் போய்விட்டது, ப்ளீச் பாட்டிலைப் பக்கத்திலேயே வைக்கவில்லை.

இன்று மீதி இரண்டு ரீலையும் குலுக்கிப் பார்த்தேன். ஒன்றில் இடதுபக்கக் குண்டு சத்தமே போடவில்லை. வெந்நீரில் போட்டிருக்கிறேன்.